பறவைச் சான்றிதழ்

பனையூரணியில் அந்துப்பூச்சிக்குப் பறவைச் சான்றிதழ் கொடுத்தது கிராம நிர்வாக அலுவலர் உலகம்மாள்தான். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அன்று ஒரே அமர்வில் முப்பத்தெட்டு விண்ணப்பங்களுக்குக் கையெழுத்துப் போட்டாள். அவற்றில் எது பூச்சி என்று அவளுக்குத் தெரியாது. எதுவும் பூச்சி இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

விஷயம் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு.

கிராம நிர்வாக அலுவலகத்தின் ஜன்னல் கம்பியில் ஒரு பெண் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முதுகு பழுப்பு, வயிறு வெளிர்மஞ்சள், அலகு வளைந்த ஊசி. தாழ்வாரத்து பல்பு ஒயரில் அதன் கூடு தொங்கியது. உள்ளே இரண்டு குஞ்சுகள். கம்பியில் கட்டியிருந்த உரைபெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“எக்கா, ஒனக்குக் கண்ணு தெரியுதா, தெரியலயா?”

உரைபெட்டி வந்து நான்கு வருடம் ஆகிறது. தீப்பெட்டி அளவுதான். கூவல், சிறகோசை, வாலாட்டல் எல்லாவற்றையும் கவனித்துத் தமிழில் சொல்லிவிடும். பறவைகளுக்கான குரலை அந்தந்த வட்டாரத்து மனிதர்களிடம் பதிவு செய்தார்கள். அதனால் தென்காசிப் பக்கத்துப் பறவைகள் தென்காசிப் பக்கத்து ஆட்களைப் போலவே பேசின. முதல் வாரம் ஊரே மரத்தடியில் நின்று கேட்டது. இரண்டாம் வாரம் பாதிப்பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். பறவைகள் பேசியதில் முக்கால்வாசி புகார்.

பறவைகள் பேசத் தொடங்கியதும் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் சான்றிதழ் வந்தது. சான்றிதழ் வந்ததும் அது உலகம்மாளின் மேசைக்கு வந்தது. சான்றிதழ் பெற்ற பறவை குடியிருக்கும் மரத்தை யாரும் வெட்டக் கூடாது. அதன் முட்டையையும் குஞ்சையும் யாரும் தின்னக் கூடாது, இன்னொரு பறவையும்கூட. காக்கைகள் இதை எதிர்த்து மூன்று நாள் கத்தின. பிறகு பழகிக்கொண்டன. பழகிக்கொண்டதாக மனு எழுதிக் கொடுத்தன.

“என்ன விசயம்?” என்றாள் உலகம்மாள்.

“கொளத்தங்கரையில மஞ்சணத்தி மரம் நிக்குல்லா. அதுல பச்சப்புழு கெடக்கும். நாலு வருசமா எம் பிள்ளையளுக்கு அங்கதான் எடுக்கேன். நேத்துப் போனா ஒருத்தி சொல்லுதா, இதெல்லாம் என் குஞ்சு, தொட்டா சட்டப்படி குத்தம்னு.”

“எவ அவ?”

“அந்துப்பூச்சி. சவத்து மூதி. பறவைன்னு நீதான எளுதிக் குடுத்திருக்க.”

உலகம்மாள் பேனாவை மூடினாள்.

தலையாரி கோமதிநாயகம் வாசல் பெஞ்சில் இருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். விண்ணப்பங்களுக்குக் கள ஆய்வு செய்வது அவர் வேலை. அவருடைய அறிக்கைகள் எல்லாம் ‘நேரில் கண்டேன்’ என்று தொடங்கும், ‘சரியாக உள்ளது’ என்று முடியும்.

“அண்ணாச்சி, மஞ்சணத்தி மரத்து விண்ணப்பத்த எங்க வச்சு நேர்ல பாத்திய?”

“டீக்கடையில வச்சு.”

“அது டீக்கடைக்கா வந்துச்சு?”

“நான் டீக்கடையில இருந்தேன். அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.”

“என்னத்தப் பாத்திய?”

“வாலு இருந்துச்சு. மூக்கு நீளமா இருந்துச்சு. பூவுக்கு முன்னால அந்தரத்துல நின்னுக்கிட்டே தேன் குடிச்சுது. இம்புட்டும் பண்ணுனா பறவைதானம்மா. எம் மருமவன் இதுல ஒண்ணுகூடப் பண்ண மாட்டான்.”

“அது வாலு இல்லவே,” என்றது தேன்சிட்டு ஜன்னலிலிருந்து. “முடிக்கொத்து. பொறத்தால ஒட்ட வச்சிருக்கா.”

அதற்குள் தொலைபேசி அடித்தது. தாசில்தார் அருமைராஜ். அமைதியான மனிதர். அன்று அவர் குரலில் அமைதி இல்லை.

“உங்க ஊர்ச் சிட்டு காலையிலயே இங்க வந்துட்டும்மா. என் கார்க் கண்ணாடிய ரெண்டு மணி நேரம் கொத்திச்சு. மனுவுல கையெழுத்துப் போட்ட பெறவுதான் விட்டுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு அறிக்க வேணும். அது பறவையா, இல்லையா?”

“சார், அது பூச்சி போலத் தெரியுது.”

“படிவத்துல ஏழு கேள்வி. நீங்க ஏழுக்கும் ஆமான்னு எளுதியிருக்கிய.”

“ஏழுக்கும் ஆமாதான் சார். ஆனா பூச்சி.”

“படிவத்துல அந்தக் கேள்வி இல்லயே,” என்றார் தாசில்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சனிக்கிழம ஆர்.ஐ. பதவி உயர்வு லிஸ்ட்டு வருது. உங்க பேரு மூணாவதா இருக்கு. தென்காசி. தப்பாக் குடுத்தேன்னு நீங்களே எளுதுனா மெமோ வரும். மெமோ இருந்தா பேரு போயிரும். முடிக்காத கோப்பு இருந்தாலும் போயிரும். பறவைன்னு எளுதிட்டு வேலையப் பாருங்கம்மா.”

உலகம்மாளின் கணவர் சங்கரபாண்டி தென்காசியில் பள்ளி ஆசிரியர். அவள் பனையூரணியில் வாடகை வீட்டில் இருந்தாள். நடுவில் இரண்டரை மணி நேரப் பேருந்து. சனிக்கிழமை மாலை போவாள், திங்கள் விடியலில் திரும்புவாள். ஆறு வருடமாக இப்படி. சண்டைகளைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். ஞாயிறு வருவதற்குள் பாதிச் சண்டை மறந்துவிடும். அதில் இருவருக்கும் வருத்தம்.

மதியம் அவள் அவருக்குப் பேசினாள்.

“தேன்சிட்டுக்கும் அந்துப்பூச்சிக்கும் என்னங்க வித்தியாசம்?”

“எல்லாமே வித்தியாசந்தான். பறவைக்கு உள்ளுக்குள்ள எலும்பு. ரெண்டு றெக்க, ரெண்டு காலு, மேல இறகு. அந்துக்கு எலும்பே கெடையாது. நாலு றெக்க, ஆறு காலு. றெக்கையில இருக்கது செதிலு, தொட்டா மாவு மாரி கையில ஒட்டும். சிட்டுக்கு அலகு. அதுக்குச் சுருட்டி வைக்கிற உறிஞ்சு குழலு. சொந்தம்னு பாத்தா, சிட்டுக்கு நீதான் பக்கத்துச் சொந்தம். அந்து ரொம்ப தூரம்.”

“பெறவு எப்பிடி ரெண்டும் ஒண்ணு போல இருக்கு?”

“பூ ஒண்ணுதான. தேன் குழலுக்கு அடியில இருக்கு. எடுக்கணும்னா மூக்கு நீளணும். ஒரே ஆபீஸுக்குப் போறவங்க எல்லாரும் பத்து வருசத்துல ஒரே மாரி நடக்க ஆரம்பிச்சிருவாகல்லா. அதான் கத.”

“உடம்புச் சூடு உண்டான்னு கேட்ருக்கு.”

“பறக்கதுக்கு முன்னால றெக்கைய நடுக்கி நெஞ்சச் சூடு பண்ணிக்கும். வண்டி ஸ்டார்ட் பண்ணுத மாரி.”

“அப்ப ஆமா.”

“ஆமாதான்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “அந்தப் படிவத்த யாரு போட்டா?”

“தெரியல.”

“சனிக்கிழமைதான லிஸ்ட்டு? பீரோவுல ஒனக்குன்னு ரெண்டு தட்டு ஒதுக்கிட்டேன்.”

உலகம்மாள் போனை வைத்தாள். ஆறு வருடமாகப் பையிலிருந்தே துணி எடுத்து உடுத்தியவள் அவள்.

புதன்கிழமை காலை கோமதிநாயகத்தைக் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனாள். பன்னிரண்டு வருடப் பணியில் நிலம் பார்க்கப் போயிருக்கிறாள், மரம் பார்க்கப் போனதில்லை. மஞ்சணத்தி மரத்தின் அடியில் மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருந்தது. புறவழிச்சாலைக்காக வெட்டப் போகிற மரங்களின் வரிசையில் அது நாற்பத்திரண்டு. இலைகளில் பச்சைப் புழுக்கள் மென்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்புறம் ஒரு கொம்பு. கிளையில் தொங்கிய உரைபெட்டி அவற்றைக் கேட்டு, “உணவு இடைவேளை,” என்று அறிவித்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி, “உணவு இடைவேளை.”

மரத்தடியில் இட்லிப்பூச் செடி பூத்திருந்தது. அதன் முன் அந்துப்பூச்சி நின்றது. உண்மையில் நின்றது. காற்றில், ஒரே இடத்தில். சிறகு இருந்த இடத்தில் ஒரு மங்கல்தான் தெரிந்தது. மின்விசிறி போல ஒரு ரீங்காரம்.

“வணக்கம்,” என்றது பெட்டி. “வருவாய்த் துறையின் வருகையை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறேன்.”

கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“என்ன அண்ணாச்சி?”

“இல்ல, டிவில செய்தி வாசிக்குத அம்மா மாரியே இருக்கு.”

அதற்குக் காரணம் இருந்தது. பூச்சியும் பேச வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குக் குரல் பதியவில்லை. பெட்டி தன்னிடம் இருந்த பொதுக் குரலைப் போட்டுக்கொண்டது.

யாரும் அழைக்காமலே தேன்சிட்டும் வந்து சேர்ந்தது. உலகம்மாள் படிவத்தை விரித்தாள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நியாயம் என்று பட்டது. சிறகு உண்டா? இரண்டுக்கும் உண்டு. பறக்குமா? பறக்கும். முட்டையிடுமா? இடும். பகலில் நடமாடுமா? அந்துகளில் இது பகலில் திரிகிற வகை. தேன் உண்ணுமா? கண்முன்னால் நடந்தது. உடற்சூடு உண்டா? சங்கரபாண்டி சொல்லிவிட்டார்.

ஏழாவது கேள்வி: ‘பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் அருந்துமா?’

சிட்டு காம்பில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தது. “நானும் நிப்பேன்லா,” என்றது.

பூவின் முன் போய்ச் சிறகடித்தது. கோமதிநாயகம் எண்ணினார். மூன்று எண்ணுவதற்குள் காம்பில் விழுந்தது.

“காத்து சரியில்ல.”

மறுபடி முயன்றது. இந்த முறை இரண்டு.

படிவத்தின் அட்டையில் ஒரு பறவையின் படம் இருந்தது. ஏதோ வெளிநாட்டுப் பறவை, பூவின் முன் அந்தரத்தில் நின்றது. யாருக்கோ அந்தப் படம் பிடித்திருக்க வேண்டும்.

“அந்துக்கு ஏழுக்கு ஏழு,” என்றார் கோமதிநாயகம். “சிட்டுக்கு ஆறு.”

“அப்ப நான் யாரு?” என்று கேட்டது சிட்டு.

அது இறகைக் கோதிக்கொண்டது.

உலகம்மாள் அந்துப்பூச்சியின் பக்கம் திரும்பினாள். “பறவைன்னு எதுக்கு எளுதிக் கேட்ட?”

“சாலைப் பணிக்காக இம்மரம் அகற்றப்படவிருந்தது. இதன் இலைகளில் நான் இட்ட முட்டைகள் நூற்றுப் பன்னிரண்டு. எனது புழுக்கள் இவ்விலையைத் தவிர வேறு எதையும் உண்பதில்லை. பூச்சி என்ற பெயரால் ஒரு மரத்தைக் காக்க இயலாது. எனவே பறவையானேன்.”

“அது பொய்தான?”

“படிவத்தில் நான் கூறியவற்றில் பொய் எதுவும் இல்லை.”

அது சரிதான்.

“இந்தச் சிட்டோட பிள்ளையளுக்குப் புழு வேணும். அது என்ன செய்யும்?”

ரீங்காரம் மாறவில்லை.

“சென்ற முறை நூறில் ஏழு பேர் பிழைத்தோம். நான் அந்த ஏழில் ஒருத்தி. மற்றவர்களை உண்டது இவரும் இவரைப் போன்றவர்களும். எனக்கு அதில் வருத்தமுண்டு, வழக்கில்லை. ஏழு போதும். மரம் இல்லையெனில் அந்த ஏழும் இல்லை.”

“பெறவு ஏன் தொட்டாக் குத்தம்னு சொன்ன?”

“சான்றிதழில் அவ்வாறு அச்சிடப்பட்டுள்ளது. அதில் பாதி மட்டும் வேண்டும் எனக் கேட்பதற்குக் கட்டம் ஏதும் இல்லை.”

சிட்டு வேறு பக்கம் பார்த்தது. “நான் ஒண்ணும் ஆசைக்குத் திங்கல,” என்றது.

திரும்பி நடக்கும்போது கோமதிநாயகம் சொன்னார். “பூச்சின்னு எளுதுனிய, மரம் போயிரும். பெட்டியும் அமந்துரும். விண்ணப்பம் முடியுத வரைக்குந்தான் மரத்துக்குக் காவலு, பெட்டிக்குப் பேச்சு. விதியில இருக்கு.”

“விதியெல்லாம் எப்ப அண்ணாச்சி படிச்சிய?”

“நேத்து. டீக்கடையில வச்சு.”

வெள்ளிக்கிழமை உலகம்மாள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். ‘மேற்படி விண்ணப்பதாரர் பறவையே’ என்று முதலில் எழுதினாள். பத்து நிமிடத்தில் முடிந்தது. சீல் எடுக்கப் போனாள். தாழ்வாரத்துக் கூட்டிலிருந்து குஞ்சுகளின் குரலைப் பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது. குஞ்சுகளுக்குத் தெரிந்தது ஒரே சொல். “இன்னும்.” திங்கட்கிழமை அது கூச்சலாக இருந்தது. இப்போது முனகலாக இருந்தது. சிட்டு வாயில் ஒரு சிலந்தியோடு வந்து, அதை இரண்டாகப் பங்கிட முயன்று, முடியாமல் ஒரு குஞ்சுக்கே கொடுத்தது.

உலகம்மாள் அந்தத் தாளைக் கிழித்தாள்.

‘மேற்படி விண்ணப்பதாரர் பறவை அல்ல’ என்று இரண்டாவது தாளில் எழுதினாள். கையெழுத்துப் போடுமுன் நாற்பத்திரண்டாம் எண் மரம் நினைவுக்கு வந்தது. செய்தி வாசிக்கிற அந்தக் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோவதை நினைத்துப் பார்த்தாள். அதையும் கிழித்தாள்.

வருவாய்த் துறையில் மூன்றாவது வழி ஒன்று எப்போதும் உண்டு. எல்லா அலுவலர்களுக்கும் அது தெரியும். இதற்கு முன் அவர்கள் அதைச் சோம்பலுக்கே பயன்படுத்தி வந்தார்கள். உலகம்மாள் மூன்றாவது தாளை எடுத்தாள். மாலைவரை எழுதினாள்.

தாசில்தார் ஐந்தரைக்கு அழைத்தார். அறிக்கையை அவளுக்கே வாசித்துக் காட்டினார்.

“‘விண்ணப்பதாரர் கூட்டுப்புழுவாக இருந்த காலத்து வசிப்பிடச் சான்று இணைக்கப்படவில்லை. அது வரப்பெறும்வரை சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டு, விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்படுகிறது.’ இந்தச் சான்ற யாரும்மா குடுப்பா?”

“யாரும் குடுக்க மாட்டாங்க சார்.”

“அப்ப இது எப்ப முடியும்?”

“சான்று வந்தா முடிஞ்சிரும் சார்.”

தாசில்தார் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது தெரிந்தது. சான்றிதழ் செல்லாது, சிட்டு புழு எடுக்கலாம். விண்ணப்பம் முடியவில்லை, மரத்தைத் தொட முடியாது, பெட்டி அணையாது. தப்பு என்று யாரும் எழுதவில்லை, மெமோ கிடையாது.

“முப்பது வருச சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான ஒரு நிலுவைய நான் பாத்ததில்ல,” என்றார். “ஆனா உங்க பேர்ல நிலுவைம்மா. நாளைக்கு லிஸ்ட்டு.”

“தெரியும் சார்.”

சனிக்கிழமை லிஸ்ட்டு வந்தது. மூன்றாவது இடத்தில் வேறு பெயர் இருந்தது. அவள் வழக்கமான பேருந்தில் தென்காசி போனாள். சங்கரபாண்டி தோசை ஊற்றினார். அவள் சொன்னாள். அவர் கல்லைப் பார்த்தபடி கேட்டார்.

“நூத்திப் பன்னெண்டயும் சிட்டு தின்னுரும்.”

“ஏழு மிஞ்சும்.”

“மிஞ்சுனது மறுபடியும் முட்ட போடும்.”

“போடும்.”

“அப்ப நிலுவை முடியாது.”

“முடியாது.”

தோசை ஓரம் கருகியது. அவர் அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அவளுக்கு வேறு ஊற்றினார். அன்று சனிக்கிழமைதான், சண்டைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

“பனையூரணிப் பள்ளிக்கூடத்துல சயின்ஸுக்கு ஆளு இருக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டு வருசமா இல்ல.”

அவர் அடுப்பைக் குறைத்தார்.

புறவழிச்சாலை நாற்பத்தோராவது மரம்வரை வந்து நின்றது. சிட்டின் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறந்தன. பறந்த முதல் நாளே இரண்டும் மனு கொடுத்தன, ஒன்றன் மேல் ஒன்று. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அந்துப்பூச்சி இட்லிப்பூச் செடியடியில் கிடந்தது. அதன் வகைக்கு அதுதான் வயது. கோமதிநாயகம் எடுத்து மஞ்சணத்தி வேரடியில் வைத்தார். கையில் ஒட்டிய செதிலை வேட்டியில் துடைக்காமல் அலுவலகம்வரை கொண்டுவந்தார். அந்த வாரம் அவர் எழுதிய அறிக்கை ‘நேரில் கண்டேன்’ என்றுதான் தொடங்கியது. விண்ணப்பதாரர் இறந்தால் வாரிசுகள் தொடரலாம் என்று விதி இருந்தது. உலகம்மாள் கோப்பின் மேல் ‘வாரிசுகள்’ என்று எழுதி, எண்ணிக்கைக்கு இடம் விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே ரீங்காரம் கேட்டது. கம்பிக்கு அப்பால், அந்தரத்தில், வரிசையாக அவை நின்றன. உலகம்மாள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். ஒன்பது.

தேன்சிட்டு பல்பு ஒயரில் உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“எண்ணத் தெரியாம விட்டுட்டேன்,” என்றது. “அதுக்கென்ன இப்ப?”

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம். எங்கள் விண்ணப்பத்தின் தற்போதைய நிலையை அறிய விரும்புகிறோம்.”

“நிலுவையில இருக்கு,” என்றாள் உலகம்மாள்.

இந்தப் பதிலை அவள் பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்தாள். கேட்டவர்கள் திட்டியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், ஒருவர் நாற்காலியைத் தூக்கியிருக்கிறார்.

ஒன்பதும் ஒருமுறை மேலே எழும்பி, மறுபடி அதே இடத்தில் நின்றன.

“மிக்க மகிழ்ச்சி,” என்றது பெட்டி. “நன்றி, வணக்கம்.”